சிகரெட்டை விடுவது எப்படி: மூளையின் போக்கை அறிந்து போடும் பன்னிரண்டு வாரத் திட்டம்

எந்த உதவியும் இல்லாமல் மன உறுதியை மட்டும் நம்பி சிகரெட்டை விடுகிறவர்களில், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். திரும்பப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாளுக்குள்ளேயே பிடித்துவிடுகிறார்கள். இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். எந்த நாட்களில் கால் வழுக்கும் என்று இவ்வளவு திட்டவட்டமாகத் தெரிகிறதே, அந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகிவிடலாம்.

சிகரெட் பழக்கம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று ரசாயனம்: நிகோட்டினுக்குப் பழகிப்போன ஏற்பிகள், அதாவது நரம்புசெல்களில் ரசாயனம் வந்து ஒட்டும் இடங்கள். அது வாரக்கணக்கில் சரியாகும், அதற்கு மருந்து உண்டு. இன்னொன்று மூளை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பாடம்: இந்த இடம், இந்த நேரம், இந்த மனநிலை என்றால் சிகரெட். அது அடங்க மாதக்கணக்காகும், அதற்கு மருந்தில்லை, பயிற்சிதான். நிகோட்டின் பேட்சை (தோல் வழியாக மருந்தை இறக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே பழைய நண்பர்களோடு போய் நிற்பவரும், இடத்தையெல்லாம் மாற்றிவிட்டு மருந்து வேண்டாம் என்று வீம்பு பிடிப்பவரும் தோற்பது ஒரே காரணத்தால்தான். பாதி வேலையை மட்டும் செய்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த முறை நிகோட்டினுக்கு மட்டும். தினமும் அதிகமாக மது குடிக்கிறவர்களோ, பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரையை நாள்பட எடுப்பவர்களோ அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவற்றை மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நிகோட்டின் விலகல், அதாவது நிறுத்தியபின் உடலும் மனமும் படும் பாடு, எவ்வளவு படுத்தினாலும் ஆளைக் கொல்லாது.

தலைக்குள் நடப்பது

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோட்டின் மூளையை எட்டிவிடும். அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்திக்காக இருக்கும் ஏற்பிகளில், முக்கியமாக ஆல்ஃபா4 பீட்டா2 என்ற வகையில், போய் உட்காருகிறது. நடுமூளையில் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி என்று ஒன்று உண்டு. அங்குள்ள நரம்புசெல்கள் தூண்டப்பட்டு நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற இடத்தில் டோப்பமைனைக் கொட்டுகின்றன.

டோப்பமைனை இன்ப ரசாயனம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் சரி. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், முதலில் பழச்சாறு கிடைத்தபோது டோப்பமைன் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாறு வந்தபோது பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. "வருகிறது, தயாராகு" என்ற அறிவிப்புத்தான் டோப்பமைனின் முக்கிய வேலை. கென்ட் பெரிட்ஜ் என்ற இன்னொரு ஆய்வாளர் இதை இன்னும் பிரித்துக் காட்டினார்: வேண்டும் என்று இழுப்பது ஒரு சுற்று, பிடித்திருக்கிறது என்று ரசிப்பது வேறொரு சுற்று. இருபது வருடம் புகைத்தவர் "இப்போதெல்லாம் அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை" என்று சொல்வது சாக்கு இல்லை. மூளையில் நடப்பதை அப்படியே சொல்கிறார்.

உங்களுக்கு அந்த விளக்கு எது? சாப்பிட்டுக் கை கழுவும் நேரமாக இருக்கலாம், எரிச்சலூட்டும் ஒரு போன் பேச்சு முடிந்த கணமாக இருக்கலாம், லைட்டர் சொடுக்கும் சத்தமாக இருக்கலாம். அந்த நிமிடம் எழும் தவிப்பு குரங்கின் விளக்குத்தான். சாறு வராதபோது வரும் வெறுமையும் அதே கணக்குத்தான்.

ரசாயனப் பக்கம் வேறு மாதிரி. தொடர்ந்து நிகோட்டின் வந்துகொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை அதைச் சரிக்கட்ட ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நிகோட்டினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 2 மணி நேரம். எட்டு மணி நேரம் தூங்கி எழும்போது, படுக்கும்போது இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். மரத்துக் கிடந்த ஏற்பிகள் எல்லாம் விழித்துக்கொண்டு வாயைத் திறந்து காத்திருக்கின்றன. காலையின் முதல் சிகரெட் மற்ற எல்லாவற்றையும்விட ருசியாக இருப்பதன் ரகசியம் இதுதான். கூடிப்போன ஏற்பிகள் விட்டபின் படிப்படியாகக் குறைந்து பழைய நிலைக்கு வரச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். பன்னிரண்டு வாரம் என்று திட்டம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது?

இரண்டே கேள்விகள். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கு மேல் 0. ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டுங்கள். 0 முதல் 2 வரை குறைவு, 3 அல்லது 4 நடுத்தரம், 5 அல்லது 6 கடுமை. கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம் பெயரில் வழங்கும் பெரிய கேள்வித்தாளின் சாறு இது.

இரண்டில் முதல் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு நாளைக்கு எட்டுத்தான் பிடிக்கிறேன் என்று சொல்லும் ஒருவர் அதில் ஒன்றைக் கண் விழித்ததும் பிடித்தால், அவருடைய பிடி எண்ணிக்கை காட்டுவதைவிட இறுக்கம்.

படி 2: ஏழு நாள் குறிப்பு

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன் மூன்று விஷயம் குறியுங்கள்: மணி, எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், தவிப்பு 0 முதல் 10க்குள் எவ்வளவு. பற்றவைத்த பிறகு எழுதினால் எண் பொய்யாகிவிடும், முதல் இழுப்பிலேயே தவிப்பு இறங்கிவிடுமே. ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கும்:

6:40, எழுந்ததும், 9.
8:30, வேலைக்குக் கிளம்பும் முன் வாசலில், 4.
11:00, கூட வேலை செய்பவர் கூப்பிட்டதால் வெளியே, 2.
1:50, சாப்பிட்டு முடித்ததும், 6.
3:15, மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்ததும், 8.
5:40, வீடு திரும்பும் வழியில், 3.
10:30, படுக்கும் முன், 3.

இதைப் படிக்கும் முறை: 6:40க்கு 9 என்பது ஏற்பிகளின் பசி. அதை மருந்து பார்த்துக்கொள்ளும். 11:00, 5:40, 10:30 மூன்றும் 2, 3 என்றுதான் இருக்கின்றன. அங்கே தவிப்பே இல்லை, கை தானாகப் போகிறது. அவற்றுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் பயன் குறைவு, இடத்தையும் வரிசையையும் மாற்ற வேண்டும். 3:15க்கு 8 என்பது மூன்றாவது வகை, மன அழுத்தம். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், கீழே வருகிறது. உங்கள் குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பசி, பழக்கம், அழுத்தம் என்று மூன்றில் ஒன்றை எழுதிவிடுங்கள். திட்டத்தில் பாதி தயார்.

படி 3: மருந்து

நிகோட்டினை விடுவதற்கு நிகோட்டினையே எடுப்பதா என்று பலர் தயங்குகிறார்கள். அடிமைப்படுத்துவதில் வேகத்துக்குப் பெரும் பங்கு. சிகரெட் விநாடிகளில் மூளையை முட்டுகிறது. பேட்ச் தோல் வழியாக மணிக்கணக்கில் ஊறுகிறது. அறிவிப்பு மணி அடிக்காது, பசி மட்டும் அடங்கும். புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவதில் பெரும் பங்கு புகையின் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும்தான். மருந்தில் அவை இல்லை.

ஒரு நாளைக்கு 10க்கு மேல் பிடிப்பவர்களுக்கு வழக்கமான பேட்ச் அளவு: 21 மி.கி. ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், பிறகு 7 மி.கி. இரண்டு வாரம். 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் 14 மி.கி.யில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7 மி.கி. இரண்டு வாரம். முடியில்லாத, சுத்தமான, காய்ந்த தோலில், மேல்கையிலோ மார்பிலோ ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். தினம் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். பேட்சை வெட்டக் கூடாது. அதன்மேல் சூடான ஒத்தடப் பை வைக்கவும் கூடாது, சூட்டில் நிகோட்டின் அதிகமாக இறங்கும். கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். இரவில் விசித்திரக் கனவுகள் வந்து தூக்கத்தைக் கெடுத்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். ஆனால் காலையில் புதிய பேட்ச் வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் விழுகிறார்கள். எழுந்ததும் பேட்சை ஒட்டி, கூடவே ஒரு நிகோட்டின் கம்மைப் (மெல்லும் மருந்து, அடுத்து வருகிறது) போட்டுக்கொள்ளுங்கள்.

நிகோட்டின் கம்மில் இரண்டு அளவு உண்டு. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. இதைச் சாதாரண சூயிங் கம் மாதிரி மெல்லுவதுதான் நடக்கும் தவறுகளிலேயே பெரியது. மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை மென்றால் வாயில் காரமோ சுரீரென்ற உணர்வோ வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் போல் கழித்து அந்த உணர்வு போனதும் மறுபடி மெல்லுங்கள், வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டும். விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், கல்லீரலில் பெரும்பகுதி சிதைந்துவிடும். மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும்தான். இன்னொன்று: வாயில் அமிலம் இருந்தால் நிகோட்டின் ஏறாது. காபி, பழச்சாறு, சோடா எதையும் கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும், கம் வாயில் இருக்கும்போதும் குடிக்கக் கூடாது. "கம் எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு கையில் காபிக் கோப்பை இருந்திருக்கும்.

தவிப்பு வந்தபின் கம்மைத் தேடக் கூடாது. கம்மை மட்டும் நம்புகிறவர்கள் முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்குக் குறைந்தது 9 என்று நேரம் வைத்துப் போட வேண்டும். 24க்கு மேல் போகக் கூடாது. பலர் நாளுக்கு நான்கு போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். அது அரைப் பட்டினிக்குச் சமம். பேட்சையும் கம்மையும் சேர்த்து எடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பேட்ச் அடித்தளம், கம் அவசரத்துக்கு. பிடி 3 புள்ளிக்கு மேல் இருப்பவர்கள் இந்தச் சேர்க்கையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மருத்துவர் சீட்டில் கிடைப்பவற்றில் வரெனிக்ளின் முக்கியமானது. அது அதே ஆல்ஃபா4 பீட்டா2 ஏற்பியில் உட்கார்ந்து, அதைப் பாதி மட்டும் தூண்டுகிறது. பசியும் அடங்கும், மேலே வரும் நிகோட்டினுக்கு இடமும் இருக்காது. முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள் வரை 0.5 மி.கி. இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீரோடு போடுங்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார். இது மனநிலையைக் குலைக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், மனநோய் உள்ளவர்களிடமும் சரி இல்லாதவர்களிடமும் சரி, அப்படிப்பட்ட பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ப்யூப்ரோபியோன் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்தவர்களும், உணவை ஒதுக்கியோ வாந்தியெடுத்தோ வாழும் உணவுக் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடக் கூடாது.

கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், 18 வயது ஆகாதவர்கள் எந்த மருந்தையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். மெல்லும் புகையிலைக்கும் அடிப்படை இதேதான், ஆனால் உடலில் ஏறும் நிகோட்டினின் அளவும் வேகமும் வேறு என்பதால் மருந்தின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

படி 4: நாள் குறிப்பது

இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. அதற்கு மேல் தள்ளினால் அது தேதி இல்லை, ஆசை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்பது பழைய சண்டை. மருந்துத் துணையோடு இரண்டையும் ஒப்பிட்டு 2016இல் வந்த ஒரு ஆய்வில், நான்கு வாரம் கழித்து ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதமும் படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். ஒரே நாளில் முடியவே முடியாது என்பவர் குறைத்துக்கொண்டே வரலாம், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பத்தை ஐந்தாகக் குறைப்பவர் பெரும்பாலும் அந்த ஐந்தையும் ஆழமாக இழுத்துப் பழைய நிகோட்டினை எடுத்துக்கொள்வார். அவருக்கே தெரியாது.

முந்தின நாள் இரவு சிகரெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாம் வெளியே போக வேண்டும். "அவசரத்துக்கு ஒன்று" என்று பையில் வைத்திருப்பது குரங்கின் எதிரே விளக்கை எரியவிட்டு வைப்பதற்குச் சமம்.

பிறகு, ஏழு நாள் குறிப்பை எடுத்து, பழக்கம் என்று குறித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். வடிவம் கண்டிப்பாக இப்படி இருக்கட்டும்: "இது நடந்தால், இதைச் செய்வேன்." "11 மணிக்குக் கூப்பிட்டால், கையில் தண்ணீர் பாட்டிலோடு மாடிப்படி ஏறி இறங்குவேன்." "சாப்பிட்டு முடித்தால், உடனே பல் துலக்குவேன்." "முயற்சி செய்வேன்", "கட்டுப்படுத்துவேன்" என்ற வார்த்தைகள் வேண்டாம், கையும் காலும் செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த உத்தி இது. முடிவை முன்பே எடுத்து ஒரு தூண்டுதலோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய தேவை குறைகிறது. அந்த நேரத்தில் யோசிக்கும் நிலையிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

முதல் 72 மணி நேரமும் அதன் பின்னும்

கடைசி சிகரெட்டுக்குப் பின் 4 முதல் 24 மணி நேரத்துக்குள் விலகல் தொடங்கும்: எரிச்சல், பதற்றம், கவனம் சிதறல், தூக்கம் கெடுதல், பசி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். அதன் பிறகு இறங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பசி மட்டும் அதையும் தாண்டி நீடிக்கும். வாய்ப்புண், மலச்சிக்கல், இருமல் சிலருக்கு வரும். எல்லாம் தற்காலிகம்.

ஒவ்வொரு தவிப்பும் ஒரு அலை. பெரும்பாலும் சில நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அடக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும், அது பொய். அலை வரும்போது மணி பாருங்கள். பத்து நிமிடம் வேகமாக நடங்கள். நடை தவிப்பைக் குறைப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாதென்றால் கம்மைப் போட்டுக்கொண்டு, தவிப்பு உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா, விரல்களிலா? உடம்பின் உள் உணர்வுகளை மூளையில் படிக்கும் இடம் இன்சுலா. பக்கவாதத்தில் அந்தப் பகுதி சேதமடைந்த சிலர் எந்தத் தவிப்பும் இல்லாமல் சிகரெட்டை மறந்தேபோனதை 2007இல் ஒரு ஆய்வு காட்டியது. தவிப்பு என்பது வெறும் எண்ணம் இல்லை, உடம்பின் செய்தி. செய்தியைப் படித்துவிட்டு வைத்துவிடலாம், அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் எதிலும் ருசி இல்லாமல் போகும். சாப்பாடு, பாட்டு, பேச்சு எல்லாம் சப்பென்று இருக்கும். நிகோட்டினை நிறுத்திய எலிகளிடமும் இன்பத்தை உணரும் வாசல் (இன்பம் தெரியத் தேவைப்படும் குறைந்தபட்சத் தூண்டுதல்) உயர்ந்துபோவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. சிகரெட் இல்லாத வாழ்க்கையே இனி இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வாசல் தானாக இறங்கும்.

காபியைப் பாதியாக்குங்கள்

இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிற வழிகாட்டிகள் அதிகம். சிகரெட் புகையின் தார், கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியைக் கூட்டி வைத்திருக்கும். காஃபீனைச் சிதைப்பது அந்த நொதிதான். புகை நின்ற சில நாட்களில் நொதி குறைந்துவிடும். அதே மூன்று காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் பழைய அளவைப்போல் இரண்டு மடங்குவரை ஏறலாம். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை: நிகோட்டின் விலகலுக்கும் காஃபீன் மிகுதிக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆள் சிகரெட்டைத் தேடுவார், குற்றவாளி காபி. விடும் நாளிலிருந்தே காபி, தேநீர் அளவைப் பாதியாக்கி, மதியத்துக்குப் பின் நிறுத்திவிடுங்கள்.

இதே நொதி சில மனநோய் மருந்துகளையும் சிதைக்கிறது. குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் புகையை நிறுத்தினால் மருந்தின் ரத்த அளவு ஏறும். குளோசபினில் அது ஆபத்தான அளவுக்குப் போகலாம்: மயக்கம், அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு. விடும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், அவர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் ரத்தத்தில் அளந்து பார்ப்பார். நொதியைக் கூட்டுவது புகை, நிகோட்டின் இல்லை. அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இந்த மாற்றம் நடக்கும்.

மன அழுத்தம் என்ற பொறி

சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது என்று நம்பாத புகைப்பவர் இல்லை. அவருடைய அனுபவம் பொய்யில்லை, கணக்குத்தான் தவறு. நிகோட்டின் இறங்கும்போதெல்லாம் மூளையில் பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா சார்ந்த அழுத்தச் சுற்று முடுக்கப்படுகிறது. ஜார்ஜ் கூப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது: அடிமைத்தனம் முற்றும்போது இன்பத்துக்காக எடுப்பது போய், தவிப்பிலிருந்து தப்பிக்க எடுப்பதாகிறது. அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பைத் தணிக்கிறது. முந்தைய சிகரெட் வைத்துப்போன கடனை அடைக்கிறது, அவ்வளவே. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஒரு அலசலில், விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்தே இருந்தன.

ஆனால் இது இரண்டாவது மாதத்துச் சேதி. முதல் வாரத்தில் உண்மையாகவே அழுத்தம் ஏறும், அதற்கு ஏற்பாடு வேண்டும். அழுத்தம் மிகும்போது நோரெபினெஃப்ரின் என்ற இன்னொரு நரம்புக்கடத்தியும் டோப்பமைனும் அளவுக்கு மீறிப் பெருகி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புறணியின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. பொறுமை, திட்டம், "வேண்டாம்" என்று சொல்லும் திறன் எல்லாம் அங்கேதான். 3:15க்கு மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வரும் ஆளிடம் மன உறுதியைத் தேடுவது, மின்சாரம் போன வீட்டில் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருப்பது மாதிரி. அதனால்தான் வாக்கியத்தை முன்பே எழுதிவைக்கச் சொன்னது.

அழுத்தத்துக்கான வாக்கியம் மூச்சாக இருக்கட்டும்: நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது, மூன்று நிமிடம். மூச்சை விடும் நேரம் நீளும்போது மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்குகிறது. (வெளியே போய் நின்று ஆழமாக இழுத்து மெதுவாக விடுவதைத்தான் இத்தனை நாளும் சிகரெட்டோடு செய்துகொண்டிருந்தீர்கள். சிகரெட்டுக்குப் போன நல்ல பெயரில் கொஞ்சம் மூச்சுக்குச் சேர வேண்டியது.) பயிற்சியை அமைதியான நேரத்தில், விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். நெருக்கடியில் புதிதாக எதையும் கற்க முடியாது.

மது இந்த முன்புறணியைத் தூங்க வைத்துவிட்டு, சிகரெட்டோடு பின்னிய நினைவுகளை மட்டும் எழுப்பும். முதல் நான்கு வாரம் குடிக்கும் கூட்டத்துக்குப் போகாமலிருப்பதே மேல்.

மனச்சோர்வு முன்பு வந்திருந்தால்

விலகலின் சோர்வு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு வாரத்துக்கு வாரம் குறையும். அந்தத் திசையைத்தான் கவனிக்க வேண்டும். குறையாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு நீடித்தாலோ, நம்பிக்கையே போய்விட்டதாகத் தோன்றினாலோ மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே யாரிடமாவது சொல்லி அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மனநோய் உள்ளவர்கள் சிகரெட்டை விடக் கூடாது என்று ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. அவர்களாலும் விட முடியும், விட்டவர்களின் மனநிலை மோசமாவதில்லை. துணை மட்டும் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

வழுக்கினால்

ஒரு இழுப்பு என்ன செய்யும்? 2006இல் ஆர்தர் பிராடியின் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. ஒன்றிரண்டு இழுப்பிலேயே ஆல்ஃபா4 பீட்டா2 ஏற்பிகளில் பாதி நிறைந்துவிட்டன, அது சுமார் மூன்று மணி நேரம் நீடித்தது. ஒரு முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கு மேல். "ஒரே ஒரு இழுப்பு" என்பது அளவில் சிறியதே இல்லை. விட்ட முதல் வாரங்களில் ஒரு இழுப்பும் கூடாது என்பது கண்டிப்புக்காகச் சொல்வதல்ல, கணக்குப்படி சொல்வது.

இருந்தும் வழுக்கிவிட்டால், ஆபத்து அந்த சிகரெட்டைவிட அதற்கடுத்து வரும் எண்ணத்தில்தான் அதிகம்: "எல்லாம் போச்சு, இனி என்ன." செய்ய வேண்டியது இது. மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்து எறியுங்கள். பேட்சைக் கழற்றாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு சிகரெட்டுக்காக மருந்தை நிறுத்துவதுதான் வழுக்கலை வீழ்ச்சியாக்குகிறது. பிறகு குறிப்பை எடுத்து அந்த வரியை எழுதுங்கள்: மணி, இடம், எண். பசியா, பழக்கமா, அழுத்தமா? பசி என்றால் மருந்து போதவில்லை, கம்மைக் கூட்டுங்கள். பழக்கம் என்றால் எழுதாமல் விட்ட ஒரு "இது நடந்தால்" இருக்கிறது. நாள் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டாம். இருபது நாளில் ஏற்பிகள் இறங்கி வந்த தூரம் ஒரு சிகரெட்டில் முழுவதும் திரும்பிவிடாது.

எடை

முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். சிகரெட்டை விடும் அதே வாரத்தில் கடும் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்காதீர்கள். பசியும் ஒரு அழுத்தம்தான். வயிறு காய்ந்தால் தவிப்பும் கூடும்.

மருந்தைக் குறைப்பதும், எட்டாவது மாதத்துத் தவிப்பும்

மூன்றாவது வாரம் எல்லாம் சுலபமாகிவிட்டதாகத் தோன்றும், அன்றே பேட்சை நிறுத்திவிடத் தோன்றும். சுலபமாக இருப்பதே பேட்ச் இருப்பதால்தான். அட்டவணைப்படி குறையுங்கள். கம்மை மட்டும் நம்புகிறவர்கள் 7 முதல் 9 வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, 10 முதல் 12 வாரம் வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. குறைக்கும் வாரத்தில் தவிப்பு 7ஐத் தாண்டினால் ஒரு படி பின்னே போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் தொடருங்கள். சில வாரம் கூடுதலாக மருந்து எடுப்பதைவிட மறுபடி புகைப்பது எவ்வளவோ மோசம்.

மருந்தெல்லாம் முடிந்து மாதங்கள் கழித்து, என்றோ போகும் ஒரு திருமண வீட்டிலோ நீண்ட பயணத்திலோ திடீரென்று 8 புள்ளித் தவிப்பு ஒன்று வரும். ஏற்பிகளுக்கு அதில் பங்கில்லை. பழைய பாடத்தை மூளை அழிப்பதில்லை, அதன்மேல் புதிய பாடத்தை எழுதுகிறது. புதிய பாடம் அது எழுதப்பட்ட இடங்களில் நன்றாக வேலை செய்யும். வீட்டிலும் அலுவலகத்திலும் நூறு முறை "சாறு வராது" என்று கற்ற மூளை, அந்தத் திருமண வீட்டில் இன்னும் ஒருமுறைகூடக் கற்கவில்லை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியபின் மறுபடி அடிமையாகவில்லை என்று 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டதற்கு, பழைய இடமும் சூழலும் பின்னால் தங்கிவிட்டதும் ஒரு காரணம். உங்களுக்கு நடப்பது அதன் மறுபக்கம்: இடம் திரும்பி வருகிறது, பாடமும் கூடவே வருகிறது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் முதல் சில முறை மட்டும் சட்டைப் பையில் இரண்டு 2 மி.கி. கம்மும், முன்பே எழுதிய ஒரு வாக்கியமும் இருக்கட்டும். தவிப்பு வந்ததும் மணி பாருங்கள். பத்து நிமிடம்.